மரை இருக்கும் இடத்தில் தொடங்கலாம்: வாடகை வீட்டில் தண்ணீரும் மின்சாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்ணீர், மின்சாரம், குப்பை ஆகியவற்றைக் குறைப்பது பற்றிப் பத்திரிகைகளில் வரும் யோசனைகள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. கூரையில் சூரியத் தகடு, நிலத்தடியில் மழைநீர்த் தொட்டி, சுவருக்கு வெப்பத்தடுப்பு என்று அவை போகும். அடுத்த ஆண்டு இதே வீட்டில் இருப்போமா என்றே தெரியாத ஒருவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறார். அவராலும் நிறையச் செய்ய முடியும். அவருக்கான வேலைகள் வேறு, வரிசையும் வேறு. அதை உங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இந்தக் கடிதம்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மரை, கொக்கி, பிளக் இந்த மூன்றில் ஒன்றால் வீட்டோடு சேர்ந்திருக்கும் பொருளைக் கழற்றி மாற்றலாம். காலி செய்யும்போது பழையதை மாட்டிவிட்டு, நாம் வாங்கியதைக் கையோடு கொண்டுபோகலாம். துளை போட வேண்டியது, பசை தடவ வேண்டியது, உடைக்க வேண்டியது எதுவானாலும் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் தனித்தனி உறையில் போட்டு, எந்த அறை, எந்தக் குழாய் என்று மேலே எழுதி, ஒரே பெட்டியில் வைத்துவிட வேண்டும். வாடகைதாரரின் முன்பணத்தைக் காப்பாற்றுவது அந்தப் பெட்டிதான். குடியேறும் நாளிலேயே சுவர், குழாய், ஜன்னல், சுவிட்ச் பலகை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுவது நல்லது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் அளக்க வேண்டும். மின்னணு மீட்டரில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்பதை மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். அது 3200 என்றிருந்தால், ஒரு நிமிடத்தில் எண்ணிய சிமிட்டல்களை 18.75ஆல் பெருக்குங்கள். அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். 1600 என்றிருந்தால் 37.5ஆல் பெருக்க வேண்டும். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 10 சிமிட்டல் என்றால் 187.5 வாட் ஓடுகிறது. எல்லோரும் தூங்கப்போன பிறகு, ஃப்ரிட்ஜையும் சற்று நேரம் நிறுத்திவிட்டு எண்ணிப் பாருங்கள். எதுவும் ஓடாத வீட்டில் 30, 40 வாட் காட்டினால், ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி மறுபடி எண்ணினால் எது இழுக்கிறது என்று பிடிபடும். 10 வாட் சிறிதாகத் தெரியும். ஆண்டு முழுவதும் ஓடினால் அது 87.6 யூனிட்.

இதே சோதனையில் வாடகை வீட்டுக்கே உரிய இன்னொரு சங்கதியும் வெளிப்படும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டர் சிமிட்டினால், மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவிலிருந்து வேறு ஏதோ இணைப்புப் போகிறது என்று சந்தேகிக்கலாம். மாடிப்படி விளக்காக இருக்கலாம், பொது மோட்டாராக இருக்கலாம், பக்கத்துப் பகுதியாகவும் இருக்கலாம். பலகையைத் தானே திறந்து பார்க்கக் கூடாது. சிமிட்டலைக் காணொளியாக எடுத்து உரிமையாளரிடம் காட்டி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறர் செலவை நாம் கட்டிக்கொண்டிருக்கும்போது நம் அறையில் எத்தனை விளக்கை அணைத்தாலும் கணக்கு நேராகாது.

தண்ணீருக்கு அளவுகோல் வாளி. 10 லிட்டர் வாளி நிரம்ப 60 விநாடி பிடித்தால் குழாய் நிமிடத்துக்கு 10 லிட்டர் விடுகிறது. 40 விநாடியில் நிரம்பினால் 15 லிட்டர். கை கழுவவும் பாத்திரம் அலசவும் நிமிடத்துக்கு 4 முதல் 6 லிட்டர் தாராளம். குழாயின் வாயில் திருகி மாட்டும் ஏரேட்டர் இந்த வேலையைச் செய்யும். காற்றைக் கலந்து விடுவதால் ஓட்டம் குறைந்தது கையில் தெரியாது. குழாய் வாயின் உள்பக்கம் மரை இருந்தால் பொதுவாக 24 மி.மீ. வெளிமரை உள்ள ஏரேட்டர் பொருந்தும், வெளிப்பக்கம் மரை இருந்தால் 22 மி.மீ. உள்மரை உள்ளது. பழையதைக் கழற்றும்போது இடுக்கியை நேராகப் போட்டால் குரோம் பூச்சு உரிந்துவிடும். துணியைச் சுற்றிக்கொண்டு திருக வேண்டும். ரப்பர் வாஷர் சரியாக உட்காராவிட்டால் ஓரத்தில் நீர் பீய்ச்சும். உப்புத் தண்ணீர் வரும் இடங்களில் சில வாரங்களிலேயே சல்லடை அடைத்துக்கொள்ளும். வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சரியாகிவிடும். "ஏரேட்டர் கெட்டுவிட்டது" என்று தூக்கிப் போடுவதில் பெரும்பாலானவை வெறும் உப்பு அடைப்புதான்.

வாளியும் குடமும் பிடிக்கும் குழாயில் ஏரேட்டர் போட்டுப் பயனில்லை. 10 லிட்டர் வாளிக்கு எப்படியும் 10 லிட்டர்தான் வேண்டும், காத்திருக்கும் நேரம்தான் கூடும். மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி வீடுகளிலும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். சந்தையில் வரும் ஏரேட்டர்களில் பலவும் 1 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை என்பதால் அங்கே நூல்போல ஒழுகும். ஷவர் தலையை மாற்றுவோருக்கும் ஒரு கவனம். உடனடியாகச் சூடாக்கும் ஹீட்டர்கள், குறிப்பாகக் கேஸில் எரிபவை, குறைந்தபட்ச ஓட்டம் இருந்தால்தான் பற்றும். பல ரகங்களுக்கு அது நிமிடத்துக்கு 2 முதல் 3 லிட்டர். அதற்குக் கீழே இறக்கினால் தண்ணீர் குளிர்ந்தே வரும்.

மரையே இல்லாத பழைய குழாய் என்றால் வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் வால்வைச் சற்று மூடிவிடலாம். செலவே இல்லை. முதலில் எந்த நிலையில் இருந்தது என்று பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் தொடாத வால்வை முரட்டுத்தனமாகத் திருகினால் அதன் தண்டு வழியே கசிய ஆரம்பிக்கும், அந்தப் பழி நம் தலையில் விழும். ஆகையால் மெதுவாகத் திருப்பி, ஒரு மணி நேரம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள்.

கழிப்பறைத் தொட்டியில் இழப்பு இரண்டு வகை. ஒன்று கண்ணுக்குத் தெரியாத கசிவு. உணவுக்குப் போடும் நிறம் சில துளிகளைத் தொட்டிக்குள் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடியில் உள்ள வால்வு ரப்பர் தேய்ந்திருக்கிறது அல்லது அதில் மண் சிக்கியிருக்கிறது. முதலில் கழுவிப் பாருங்கள், பிறகு ரப்பரை மாற்றலாம். தொட்டியின் நீர்மட்டம் வழிகுழாயின் வாயிலிருந்து 2 அல்லது 2.5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் நாள் முழுவதும் வழிந்துகொண்டே இருக்கும். மிதவையின் திருகை இறக்கினால் போதும். இன்னொன்று, ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் கொட்டுவது. பழைய தொட்டிகள் ஒரு தடவைக்கு 9 லிட்டருக்கும் மேல் விடும். 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, மிதவையிலும் வால்விலும் இடிக்காத மூலையில் நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் 1 லிட்டர் மிஞ்சும். செங்கல் வேண்டவே வேண்டாம். அது கரைந்து, துகள்கள் வால்வு ரப்பரில் ஒட்டி, மிச்சப்படுத்தியதைக் கசிவாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பாட்டில் வைத்த பிறகு இரண்டாம் முறை ஃப்ளஷ் செய்ய வேண்டி வந்தால் அதை எடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பை முழு அளவுக்கு வடிவமைக்கப்பட்டது.

கீசர் உரிமையாளருடையது, சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டின் திருகும், சுவிட்சும் நம் கையில் இருப்பவை. 25 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 0.6 யூனிட் மின்சாரம் போதும். 2000 வாட் கீசருக்கு இது 20 நிமிட வேலை. அதற்குமேல் சுவிட்ச் போட்டே இருந்தால், தொட்டியின் சுவர் வழியே போகும் சூட்டை ஈடுகட்டத்தான் அது மறுபடி மறுபடி எரியும். 60 டிகிரி நல்ல அளவு. சிக்கனம் என்று 40, 45க்கு இறக்கி வைத்தால் தேங்கிய வெந்நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர ஏற்ற சூடு அது.

சூடான பகுதிகளில் வாடகைதாரர் வாங்கக்கூடியவற்றில் பி.எல்.டி.சி. எனப்படும், தூரிகையில்லாத மோட்டார் கொண்ட மின்விசிறியை முதலிடத்தில் வைப்பேன். சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும், இது 30 வாட் அளவுக்கு. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 197 யூனிட் வித்தியாசம். அதே கொக்கியில் தொங்கும், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். பழைய ரெகுலேட்டர் வழியே இதற்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை பழுதாகும். எலக்ட்ரீஷியன் ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைத்துத் தரட்டும். கழற்றிய ரெகுலேட்டர் பெட்டிக்குப் போகட்டும். மாட்டி முடித்ததும் கொக்கியைப் பிடிக்கும் போல்ட்டில் ஸ்ப்ளிட் பின் போட்டு இரு கால்களையும் வளைத்திருக்கிறார்களா என்று ஏணியில் ஏறிப் பாருங்கள். அதிர்வில் நட்டு கழன்றாலும் விசிறியைத் தாங்குவது அந்தச் சிறு கம்பிதான்.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. முழுக்க மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டால் மட்டும் சூடு வெளியேறாமல் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சீக்கிரம் போய்விடும். ஃப்ரிட்ஜின் கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தால் பல சமயம் பழைய வடிவுக்கு வந்துவிடும். ஃப்ரிட்ஜுக்கு 4 டிகிரி, ஃப்ரீசருக்கு கழித்தல் 18. அதற்குக் கீழே வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெயிலை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்துவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும் தவறான இடத்தில் செலவு செய்கிறார்கள். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் திரைச்சீலையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும். அதே துணி ஜன்னலுக்கு வெளியே தொங்கினால் சூடு வெளிக்காற்றோடு போய்விடும். பால்கனிக் கம்பியிலோ ஜன்னல் கிராதியிலோ கயிற்றால் கட்டிய மூங்கில் தட்டிக்குத் துளை தேவையில்லை. தட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். மேற்கு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வெயில்மறைப்பு பிற்பகலில் உதவாது. சூரியன் தாழ்ந்து நேராக அடிப்பதால் செங்குத்தாகத் தொங்கும் மறைப்புதான் வேலை செய்யும். காற்று பலமாக வீசும் மாடிகளில் கீழ் முனையையும் கட்டிவைக்க வேண்டும்.

வெளியே எதுவும் தொங்கவிடக் கூடாது என்ற குடியிருப்புகளில் கண்ணாடியில் ஒட்டும் படலம் அடுத்த வழி. பசை உள்ளதை விட்டுவிட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டும் பசையில்லாத ரகத்தை எடுங்கள், உரித்தால் தடயம் இருக்காது. இரட்டைக் கண்ணாடி, கம்பி வைத்த கண்ணாடி, உள்ளே படலம் வைத்த பாதுகாப்புக் கண்ணாடி இவற்றில் அடர்நிறப் படலம் ஒட்டுவது ஆபத்து. கண்ணாடி ஒருபக்கம் அதிகமாகச் சூடேறி, நிழல் விழும் ஓரத்திலிருந்து விரிசல் விடும். கண்ணாடிக்கான செலவு வாடகைதாரர் தலையில்தான் விழும்.

குளிர்ப் பிரதேசத்தில் வசிக்கும் வாசகர்களுக்கு இதன் மறுபக்கம் பொருந்தும். கதவு, ஜன்னல் இடுக்குகளை ஒட்டுப் பட்டையால் அடைக்கலாம். மலிவான நுரைப் பட்டை ஓரிரு குளிர்காலத்தில் பொடியாகி, உரித்தால் பசையைச் சட்டத்திலேயே விட்டுவிடும். ரப்பர் பட்டை நீடிக்கும். எதுவானாலும் கழற்றும்போது தலைமுடி உலர்த்தியால் சூடாக்கி மெல்ல இழுக்க வேண்டும், மிச்சப் பிசினைச் சமையல் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் வந்துவிடும். கேஸ் அடுப்போ கேஸ் ஹீட்டரோ உள்ள அறையில் காற்றுத் துளைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். காற்று போதாமல் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஈரத்துணியை மூடிய அறைக்குள் காயப்போடுவோரும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு சுமை துணியிலிருந்து ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்து குளிர்ந்த சுவரில் படியும். பூஞ்சைக்கு அதுவே போதும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளிவைப்பதும், துணி காயும்வரை ஒரு ஜன்னலைத் திறந்துவைப்பதும் சுவரைக் காக்கும்.

தோட்டம் இல்லாத வீட்டிலும் சமையலறைக் கழிவை மட்கவைக்கலாம். மூடியுள்ள 20 லிட்டர் வாளி இரண்டு போதும். பக்கச் சுவரில் 6 முதல் 8 மி.மீ. துளைகள், அடியில் வடிய சில துளைகள், கீழே ஒரு தட்டு. தட்டு வைக்க மறந்தால் வடியும் கருஞ்சாறு தரைக்கல்லில் கறையாக நின்றுவிடும். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ போட்டு மூட வேண்டும். பிழிந்த பஞ்சு போன்ற ஈரம் சரியான அளவு. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் காய்ந்த பொருள் போதவில்லை என்று பொருள். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று போகவில்லை, கிளறிவிட வேண்டும். ஒன்று நிரம்பியதும் அதை ஓரமாக வைத்து மற்றதைத் தொடங்கலாம். இரண்டு, மூன்று மாதங்களில் உரம் தயார். அதைச் செடித் தொட்டிக்கு இடும்போது எடையை மறந்துவிடக் கூடாது. நனைந்த தோட்டத்து மண் லிட்டருக்கு 2 கிலோவை நெருங்கும், 200 லிட்டர் பீப்பாய் என்றால் 400 கிலோ வரை. பால்கனியின் கைப்பிடி ஓரத்தில் அதை வைக்கக் கூடாது. மண்ணைக் குறைத்து, நார்க்கழிவும் உரமும் கலந்து, சிறு தொட்டிகளாகச் சுவரை ஒட்டி வைப்பதே சரி.

இனி உரிமையாளர் செய்ய வேண்டியவை. மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, கீசர் மாற்றம், பழைய வயரிங், இரட்டை ஃப்ளஷ் தொட்டி இவையெல்லாம் அவர் கையில் இருப்பவை. செலவு அவருடையது, குறையும் கட்டணம் வாடகைதாரருடையது என்பதால் இந்த வேலைகள் எப்போதும் தள்ளிப்போகின்றன. வெறும் வேண்டுகோளாகப் போனால் பதில் வராது. அளவோடு போக வேண்டும். "தொட்டி ஒரு தடவைக்கு 12 லிட்டர் விடுகிறது, நிற அடையாளச் சோதனையில் கசிவும் இருக்கிறது, மோட்டார் அதற்காகவே கூடுதலாக ஓடுகிறது" என்று ஒரு பக்கத்தில் எழுதி, படத்தோடு கொடுத்தால் பேச்சு வேறு மாதிரி போகும். தளத்தின் வெள்ளைப் பூச்சுக்கு அவருக்கே ஓர் ஆதாயம் உண்டு. தளம் குறைவாகச் சூடேறினால் விரிந்து சுருங்குவது குறையும், விரிசலும் ஒழுகலும் தள்ளிப்போகும். இதைச் சொல்ல ஏற்ற நேரம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். நடுவில் கேட்டால் புகாராகக் காதில் விழும்.

அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்: "வாடகைதாரர் தம் செலவில் மாற்றிய குழாய்ப் பாகங்கள், விளக்குகள், மின்விசிறிகள், ஜன்னல் மறைப்புகள் ஆகியவற்றை, முன்பிருந்த பாகங்களைத் திரும்பப் பொருத்திய பின் எடுத்துச் செல்லலாம்." இந்த ஒரு வரி இல்லாததால்தான் பலர் நல்ல மின்விசிறியை வாங்கத் தயங்குகிறார்கள்.

வீடு மாறும் நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பல மாதங்கள் பார்த்துப் பார்த்துக் குறைத்த குப்பையை விட அன்று ஒரே நாளில் அதிகம் தெருவுக்குப் போகிறது. பார்ட்டிகிள் போர்டு அலமாரி இதில் முதல் பலி. அது மரத்தூளைப் பிசினால் அழுத்திச் செய்த பலகை. ஒருமுறை திருகைக் கழற்றி மறுபடி முடுக்கினால் துளை பொடிந்து திருகு பிடிக்காது. தூக்கிப் போடுவதற்கு முன், துளைக்குள் மரப்பசை தடவிய பல்குச்சிகளைத் திணித்து, ஒரு நாள் காயவிட்டு, நீட்டியிருப்பதை வெட்டிவிட்டு முடுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். புதிதாக வாங்குவோர் போல்ட்டும் நட்டும் வைத்துக் கோக்கும் இரும்புச் சட்ட அலமாரியோ, கெட்டி மரமோ எடுத்தால் பல வீடுகள் தாங்கும். திரைச்சீலையை இந்த வீட்டு ஜன்னலின் அளவுக்கு வெட்டித் தைக்காமல், கீழ் மடிப்பில் 20 செ.மீ. துணியை உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். திரைக்குச் சுவரில் துளை போட்டு மாட்டும் கம்பிக்குப் பதிலாக, இரண்டு சுவருக்கு நடுவே விறைத்து நிற்கும் ஸ்பிரிங் கம்பி போதும். அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

ஒட்டு கொக்கிகளுக்கும் ஒரு முறை உண்டு. புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரில் ஒரு வாரமாவது கழித்துத்தான் ஒட்ட வேண்டும், சுண்ணாம்புச் சுவரில் ஒட்டவே கூடாது. கழற்றும்போது ஒட்டுப் பட்டையின் வாலைச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் இழுத்தால் பெயிண்ட் உரிந்து வரும். சுவரோடு ஒட்டியபடி நேர் கீழே, மெதுவாக, நீள விட்டு இழுக்க வேண்டும்.

காலி செய்வதற்கு மூன்று நாள் முன்பே பெட்டியில் உள்ள பழைய பாகங்களை மாட்டிவிடுவது நல்லது. கடைசி நாளில் மாட்டினால் கசிவு இருக்கிறதா என்று பார்க்க நேரம் இருக்காது. பேசின் அடியிலும் ஷவர் இணைப்பிலும் காகிதத்தைச் சுற்றிவைத்து மறுநாள் காலையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மரையில் டெஃப்ளான் டேப்பை முடுக்கும் திசையிலேயே நான்கைந்து சுற்று சுற்றி மறுபடி மாட்டலாம். சாவியைக் கொடுக்கும் முன் மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டின் எண்ணையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாளிதழின் வீட்டுப் பக்கத்தில் வாடகைதாரர்களுக்கென்று மாதம் ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பத்தியை மீட்டர் சிமிட்டலை எண்ணுவதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்